ஹனிபா யாரைப் பார்த்துப் பாடினார்?

சீவலப்பேரியில் கொடை என்றால் முதல் நாள் சாயங்காலமே மைக் செட் வந்து இறங்கிவிடும். நான் சொல்வது கேசட் காலம், தொண்ணூறுகளின் தொடக்கம். தென்னை மரத்தில் ஒரு குழாய், கோயில் முகப்பில் ஒரு குழாய், ஆற்றுக்குப் போகிற பாதையில் இன்னொன்று. செட்டு போட்ட அண்ணாச்சி முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டைப் போடுவார். அடுத்தது நாகூர் ஹனிபா. அதற்கடுத்து ஒரு கிறிஸ்தவப் பாட்டு. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் சினிமா பாட்டு. கொடை சுடலைமாடனுக்கு. கிடா வெட்டுகிற இடத்தில், கணியான் கூத்துக்காரர்கள் வந்து இறங்குகிற நேரத்தில், இறைவனிடம் கையேந்தச் சொல்லி ஹனிபாவின் குரல் தாமிரபரணிக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும். யாருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

எனக்கு மட்டும் ஒரு தடவை பட்டது. கேட்டேன்.

"மூணு சாமியையும் கும்பிட்டுட்டுத்தாம்ல மத்தது. இல்லன்னா ஆம்ப்ளிஃபையர் பொகஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி. மத நல்லிணக்கத்துக்கு இதைவிட நேர்மையான காரணம் இன்றுவரை நான் கேட்டதில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் கவ்வாலி பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். அதில் போகிறபோக்கில் ஹனிபாவை 'தமிழின் நுஸ்ரத்' என்று சொல்லியிருந்தேன். எழுதும்போது நல்லாத்தான் இருந்தது. கல்லூரியில் கூடப் படித்த மேலப்பாளையத்து நண்பன் அதைத் தன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். அவர் பக்கீர் குடும்பத்துக்காரர். இளம் வயதில் தப்ஸ் தட்டிக்கொண்டு ரமலான் மாதத்தில் சஹர் நேரத்துக்குத் தெருத்தெருவாகப் பாடி ஆட்களை எழுப்பியவர். பொட்டல்புதூர் கந்தூரிக்கு வருஷம் தவறாமல் போனவர். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது, டீ வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, ஹனிபா அண்ணன் பாடுனா கூட்டம் கேக்கும். நாங்க பாடுனா அவ்லியா கேக்கணும். ரெண்டும் வேற. அத ஒண்ணாக்கி எழுதிப்புட்டியளே."

மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு பழைய பாட்டுகளையெல்லாம் மறுபடி கேட்டேன். கேட்கக் கேட்க, சூஃபி இசை சினிமாவுக்குள் வந்த கதையை முழுக்க ஒரே கேள்வியை வைத்துப் புரிந்துகொள்ளலாம் போலிருந்தது. பாடகர் யாரைப் பார்த்துப் பாடுகிறார்? இந்தப் பதிவு அதைப் பற்றி. முந்தைய குறிப்பில் நான் செய்த பிழைக்குத் திருத்தம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தர்காவில் நடக்கிற கவ்வாலி. 'கவ்ல்' என்றால் சொல், உரை. பெரியவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்பவர் கவ்வால். டெல்லியில் நிஜாமுத்தீன் அவ்லியா தர்காவில் அமீர் குஸ்ரோவின் காலத்திலிருந்து தொடர்ந்து வருவதாகச் சொல்லப்படுகிற மரபு இது. குஸ்ரோ 1325இல் இறந்தார், அப்படியென்றால் எழுநூறு வருஷம். கைதட்டு, ஆர்மோனியம், தபலா அல்லது டோலக், முன்னால் ஒருவர் இருவர், பின்னால் கூட்டாகப் பாடுபவர்கள். இதெல்லாம் வெளியில் தெரிகிற உடம்பு. உயிர் வேறு இடத்தில் இருக்கிறது.

கவ்வாலி பற்றி முக்கியமான ஆய்வு செய்த ரெகுலா குரேஷி இதைத் தெளிவாகக் காட்டுகிறார். கவ்வால் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வதில்லை, கேட்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எந்த வரியில் யார் அசைகிறார், யாருக்குக் கண் கலங்குகிறது, யார் எழுந்து நிற்கிறார் என்று கவனிக்கிறார். ஒருவருக்கு ஒரு வரி பட்டுவிட்டால் அந்த வரியை விட்டு நகரக் கூடாது. பத்துத் தடவையோ இருபது தடவையோ, அவர் தணிகிறவரை அதே வரிதான். தேவைப்பட்டால் வேறு ஒரு கவிதையிலிருந்து இரண்டு அடியைக் கொண்டுவந்து நடுவில் முடிச்சுப் போடுவார்கள், அதற்குப் பெயர் 'கிரா'. ஆக, பாட்டு எவ்வளவு நேரம் போகும் என்று தீர்மானிப்பவர் பாடகர் இல்லை, கேட்கிறவர். இப்படிப்பட்ட ஒன்றை நாலு நிமிஷ சினிமா பாட்டுக்குள் எப்படி வைக்க முடியும்?

வைக்க முடியாது. ஹிந்தி சினிமா வைக்கவும் இல்லை. உடம்பை எடுத்துக்கொண்டது, உயிரை வெளியே விட்டுவிட்டது. இதை வசையாகச் சொல்லவில்லை, அந்த உடம்பை வைத்து அவர்கள் அற்புதமான காரியங்கள் செய்தார்கள். 1945இல் 'ஜீனத்' படத்தில் பெண்கள் பாடும் கவ்வாலி வந்தது. நூர்ஜஹான் உட்பட மூன்று பேர் பாடியது. 1960இல் 'பர்சாத் கி ராத்'. ரோஷன் இசை, சாஹிர் எழுத்து. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற போட்டிக் கவ்வாலி அதில் உண்டு. சினிமாவில் கவ்வாலி தொட்ட உச்சம் அதுதான் என்பது என் எண்ணம். 1977இல் 'அமர் அக்பர் ஆண்டனி'யில் ரஃபி பாடும் திரை விலக்கச் சொல்லும் பாட்டு. எல்லாவற்றையும் வரிசையாகக் கேளுங்கள். அவ்லியா இருந்த இடத்தில் காதலி வந்து உட்கார்ந்திருப்பாள். கைதட்டும் தொப்பியும் ஆர்மோனியமும் அப்படியே இருக்கும், முகவரி மட்டும் மாறியிருக்கும்.

இதற்கு அப்பட்டமான சாட்சி 'மஸ்த் மஸ்த்'. நுஸ்ரத் பதே அலி கான் பாடிய மூலத்தில் அந்தச் சொல் சிந்து மாகாணத்து ஸெஹ்வானில் அடங்கியிருக்கிற லால் ஷாபாஸ் கலந்தரைப் பார்த்து வருவது. இறை போதையில் மூழ்கிய கலந்தர். 1994இல் 'மொஹ்ரா' படத்தில் அதே சொல், ஏறக்குறைய அதே மெட்டு, ஆனால் இப்போது ரவீணா டாண்டனைப் பார்த்து. நாலு வருஷம் கழித்து நம்ம ரஹ்மான். பஞ்சாபிக் கவி புல்லே ஷா தன் குரு ஷா இனாயத்தை எண்ணி ஆடிய 'தையா தையா'வில் பிறந்த பாட்டு, 'தில் சே'யில் நீலகிரி ரயில் கூரை மேல் ஏறிக் காதலியைத் தேடிப் போகிறது. தமிழ் 'உயிரே'யில் வைரமுத்து வரிகள். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, இன்றைக்கும் பேருந்தில் போட்டால் கால் ஆடும். ஆனாலும் குரு போய்ப் பெண் வந்துவிட்டாள்.

நுஸ்ரத்தின் கதையே இங்கு ஒரு பாடம். 1948இல் பிறந்து 1997 ஆகஸ்டில் லண்டனில் இறந்தவர், நாற்பத்தெட்டு வயசுதான். பரம்பரைக் கவ்வால். 'பண்டிட் குவீன்' போன்ற படங்களுக்கு இசை கொடுத்தார். 1997இல் ரஹ்மானின் 'வந்தே மாதரம்' தொகுப்பில் சேர்ந்து பாடினார். ஆனால் அவர் சினிமாவுக்கு நேரடியாகச் செய்ததைவிட, அவரைக் கேட்டு மற்றவர்கள் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். கவ்வால் ஒருவர் சினிமாவுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய மெட்டு நுழைந்து ஆடை மாற்றிக்கொண்டுவிடுகிறது.

இனி நம்ம ஊர்.

தமிழ் சினிமாவிலும் கவ்வாலி மோஸ்தர் வந்தது. 1965இல் 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தில் வேதா இசையில் ஒரு போட்டிப் பாட்டு உண்டு, கேட்டவர்களுக்குத் தெரியும். ரசிக்கத்தக்க விளையாட்டு. அதைத் தாண்டி அங்கே ஒன்றும் இல்லை. சூஃபி என்று சொல்லத்தக்க ஏதாவது ஒன்று தமிழ்ச் சினிமாவுக்குள் வந்திருந்தால் அது இ.எம்.ஹனிபாவின் தொண்டை வழியாக வந்ததுதான். 1925இல் ராமநாதபுரத்தில் பிறந்து நாகூர்க்காரராகவே ஆகிப்போனவர். 2015 ஏப்ரலில் இறந்தார். 'இசைமுரசு' என்ற பட்டம் அவருக்குப் பொருந்தின மாதிரி வேறு யாருக்கும் எந்தப் பட்டமும் பொருந்தியதில்லை. முரசு என்பது ராகம் ஆலாபனை செய்கிற கருவி கிடையாது. ஊரைக் கூட்டுகிற கருவி.

அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். உச்சத்தில் ஆரம்பித்து உச்சத்திலேயே நிற்கும். கமகம் குறைவு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும், லகரமும் ளகரமும் ழகரமும் குழம்பாது. ஒரு வரியைப் பாடி முடித்ததும் கடைசி எழுத்தை நீட்டிப் பிடித்து, கூட்டத்தின் கடைசி ஆள் வரை அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற மாதிரி நிறுத்துவார். இது தர்காவில் பழகிய குரல் இல்லை, மேடையில் பழகியது. ஒரு பக்கம் மீலாது மேடை, கந்தூரிக் கச்சேரி, கல்யாண வீடு. இன்னொரு பக்கம் திராவிட இயக்க மேடை. அண்ணா அழைக்கிறார் என்று பாடி, தலைவர்கள் வருகிறவரை ஆயிரக்கணக்கான பேரைக் கட்டிப் போட்டது அதே தொண்டைதான். தமிழ்க் காதில் ஹனிபாவின் குரலுக்கு இரண்டு வாசனை உண்டு, ஒன்று பள்ளிவாசல், இன்னொன்று கட்சிக் கூட்டம். எங்க பெரியப்பா தீவிரத் தி.மு.க. பக்தி என்பதையே ஏற்காதவர். ஹனிபா கேசட் மட்டும் எட்டு வைத்திருந்தார். கேட்டால் "அது கழகப் பாட்டு" என்பார். எட்டில் ஆறு அல்லா பாட்டு.

அவருடைய புகழ்பெற்ற பாட்டுகளின் முதல் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையேந்துங்கள் என்பது பன்மை ஏவல். 'நீங்கள்' என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் மக்களைப் பார்த்துச் சொல்வது. அண்ணா அழைக்கிறார் என்பதும் மக்களைப் பார்த்து. நாகூர் ஆண்டவரையும் நபிகளையும் நேராக விளித்துப் பாடிய பாட்டுகளும் அவரிடம் நிறைய உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் மதம் தாண்டி எல்லார் வீட்டுக்குள்ளும் போன பாட்டு எது? இறைவனைப் பார்த்துப் பாடியது இல்லை, இறைவனைப் பற்றி நம்மைப் பார்த்துச் சொன்னது. மாமா சொன்ன 'கூட்டம் கேக்கும்' என்பதன் பொருள் இதுதான். கவ்வாலின் வேலை அவ்லியாவுக்கும் கேட்பவனுக்கும் நடுவில் கரைந்துபோவது. ஹனிபா கரைவதில்லை. நிமிர்ந்து நின்று கூப்பிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. ஹனிபாவின் பாட்டுகள் பிறந்ததே இசைத்தட்டுக்காக. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும். பல்லவி, மூன்று சரணம், முடிந்தது. கேட்கிறவன் அழுதால் திரும்பப் பாட இடமில்லை. எனவே அவரைச் சினிமாவுக்குள் கொண்டுவருவதற்காக எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. கவ்வாலியை உடைத்துத்தான் சினிமாவுக்குள் தள்ள வேண்டியிருந்தது, ஹனிபா பாட்டு வாசலில் சரியாக நுழைகிற அளவிலேயே இருந்தது. அப்படியும் சினிமா அவரை அதிகம் கூப்பிடவில்லை என்பதுதான் விசித்திரம்.

கூப்பிட்ட சில தடவைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1955, 'குலேபகாவலி'. எம்.ஜி.ஆர். நடித்த அரபுக் கதை மாதிரியான படம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. எஸ்.சி.கிருஷ்ணனோடும் குழுவோடும் சேர்ந்து ஹனிபா பாடுகிறார். பாட்டு நபி நாயகத்தை நேராக விளிக்கிறது. அடுத்து 1961, 'பாவமன்னிப்பு'. வேறு வேறு மதத்தில் வளர்கிற பிள்ளைகளின் கதை, பீம்சிங் படம், அதே இரட்டையர் இசை, கண்ணதாசன் வரிகள். டி.எம்.எஸ்ஸோடு ஹனிபா. இப்போது விளி 'எல்லோரும்'. வினை 'கொண்டாடுவோம்'. பிறகு நீண்ட இடைவெளி. 1997இல் பாலு மகேந்திராவின் 'ராமன் அப்துல்லா', இளையராஜா இசை. பாட்டு ஆரம்பிப்பதே 'உன் மதமா என் மதமா' என்ற கேள்வியோடு.

நபியிடம் ஆரம்பித்து, 'நாம் எல்லோரும்' என்று ஆகி, கடைசியில் 'நீயும் நானும்' என்று சண்டையை விலக்குகிற இடத்துக்கு வந்து நிற்கிறது. நாற்பது வருஷத்தில் ஹனிபாவின் சினிமாக் குரல் இறைவனிடமிருந்து குடிமகன் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டது. நடுவில் 1993இல் 'தர்மசீலன்' படத்தில் அல்லாவை நோக்கிப் பாடிய பாட்டு ஒரு விதிவிலக்கு. அந்தப் படத்தோடு அதுவும் போய்விட்டது.

ஹிந்தி சினிமா அவ்லியாவைக் காதலியாக்கியது என்றால், தமிழ்ச் சினிமா அவ்லியாவைப் பொதுக்கூட்டமாக்கியது. ஏன் இப்படி? என் கணிப்பில் இரண்டு காரணம். கடவுளைக் காதலனாகவோ காதலியாகவோ வைத்துப் பாடுகிற இடம் தமிழ்ச் சினிமாவில் ஏற்கெனவே கண்ணனுக்கும் முருகனுக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. அங்கே புதிதாக ஆள் வர இடமில்லை. இரண்டாவது, முஸ்லிம் பாத்திரம் ஒருவர் தமிழ்ப் படத்தில் வந்தால் அவர் நல்லவராக இருந்து ஒற்றுமையைச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதப்படாத சட்டம். பின்னால் வந்த சட்டம் இதைவிட மோசம், அது வேறு பதிவு. நல்லவராக இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு மனுஷன் படம் முழுக்க ஒற்றுமையையே பாடிக்கொண்டிருந்தால் அவனுக்கென்று தனியாக ஒரு தாகமோ பயமோ இருக்கும் என்பதே நமக்கு மறந்துபோகும். ஹனிபாவின் குரலைச் சினிமா முத்திரை மாதிரி பயன்படுத்தியது. 'இங்கே மதநல்லிணக்கம் உண்டு' என்று குத்துகிற முத்திரை. எங்க ஊர் மைக் செட் அண்ணாச்சிகூட ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றத்தான் போட்டார், முத்திரை குத்த இல்லை.

இந்த இடத்தில் சீவலப்பேரியின் பழைய பெயரை ஞாபகப்படுத்த வேண்டும். தாமிரபரணியும் சிற்றாறும் வந்து கூடுகிற இந்த ஊர்தான் முக்கூடல், 'முக்கூடற்பள்ளு'வின் களம். அதில் ஒரு பள்ளனுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் முக்கூடற்காரி, வைணவம். இளையவள் மருதூர்க்காரி, சைவம். இரண்டு பேரும் ஒருத்தி சாமியை இன்னொருத்தி கிழி கிழி என்று கிழிப்பார்கள். பிச்சை எடுத்தவன், மாடு மேய்த்தவன், விஷம் குடித்தவன், ஒன்று பாக்கி வைக்க மாட்டார்கள். கடைசியில்தான் சமாதானம். ஆறு கூடுகிற இடத்தில் நின்று 'சங்கமம்' என்று பேச எல்லோருக்கும் வாய் வரும். இந்த ஊரில் பிறந்த இலக்கியமோ சண்டையை முழுசாகப் போட்டுவிட்டுத்தான் ராசியாகிறது. 'எல்லோரும் கொண்டாடுவோம்' என்று முதல் வரியிலேயே ராசியாகிவிடுகிற பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பெண்களும் ஞாபகத்துக்கு வருவார்கள்.

தமிழில் கரைகிற பாட்டு இல்லாததால்தான் சினிமாவுக்கு வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர்முகம்மது அப்பா இந்த மண்ணின் ஆள். அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை இன்றும் தக்கலையில் ஆண்டு விழாவின்போது விடிய விடியப் பாடுகிறார்கள். கூட்டாக, வரி வரியாக. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, சென்னையில் 1838இல் மறைந்த மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாகப் பாவித்துக் கண்ணிகள் பாடியிருக்கிறார். பராபரமே என்று விளித்து அவர் பாடியதைத் தாயுமானவருக்குப் பக்கத்தில் வைத்தால் தையல் தெரியாது. சித்தர் பாடல் சாயலைத் தமிழ்ச் சினிமா எத்தனை தடவை எடுத்தாண்டிருக்கிறது! பட்டினத்தாரை வைத்துப் படமே எடுத்தது. குணங்குடியாருக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைக்கவில்லை. அவர் பாட்டில் முஸ்லிம் என்று காட்டத் தொப்பியும் கைதட்டும் இல்லை, அதுதான் சிக்கல். கேட்டால் தமிழ்ப் பாட்டு மாதிரியே இருக்கிறது.

ரஹ்மான் மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தமும் இங்கேதான். 'ரோஜா'வுக்கு முன்பு, 1989இல் அவர் செய்த முதல் தொகுப்பே 'தீன் இசை மாலை' என்ற தமிழ் இஸ்லாமியப் பாட்டுகள். அங்கிருந்து கிளம்பியவர் பிறகு 'ஃபிஸா'வின் ஹாஜி அலி பாட்டு, 'ஜோதா அக்பர்' (2008), 'டெல்லி 6' (2009), 'ராக்ஸ்டார்' (2011) என்று போனார். இவற்றில் அவர் பெரிய காரியம் ஒன்று செய்தார், அதை முழு மனசோடு ஒப்புக்கொள்ள வேண்டும். காதலியை எழுப்பிவிட்டு அவ்லியாவை மறுபடி அவர் இடத்தில் உட்கார வைத்தார். அஜ்மீர் குவாஜாவை விளிக்கும் பாட்டு உண்மையாகவே குவாஜாவைப் பார்த்துத்தான் பாடப்படுகிறது, ரஹ்மானே பாடுகிறார், குரலைத் தூக்காமல், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. ஐம்பது வருஷ ஹிந்திக் கவ்வாலி மரபை அது திருப்பிப் போட்டது. ஆனால் எல்லாம் உருது, ஹிந்தி. தமிழ்ப் படம் 'காற்று வெளியிடை'யிலும் அந்தப் பக்கத்து வாடை வேண்டியிருந்தபோது பஞ்சாபி 'ஜுக்னி' வந்தது. கதை அப்படி, காஷ்மீர் என்பது சரி. நாகூருக்கும் போகிற மனுஷன் அவர். பீர்முகம்மது அப்பாவைத் தமிழில் ஒரு தடவை தொட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சூஃபி என்றால் வடக்கே இருந்து வர வேண்டும் என்று நம்ம பிள்ளைகள் நம்புவதற்கு அவரும் ஒரு காரணம்.

மேலப்பாளையத்தில் இந்தப் பேச்சு வந்தபோது மாமா சிரித்தார். பக்கீர்கள் பாடுகிற கிஸ்ஸாவும் நூறு மசலாவும் சினிமாவுக்குப் போகவில்லை என்ற வருத்தமெல்லாம் அவருக்கு இல்லை. அவர் கவலை பக்கத்திலேயே இருக்கிறது. எண்பதுகளுக்குப் பிறகு தர்கா வழக்கங்கள் சரியா என்ற கேள்வி ஊருக்குள் பலமாக எழுந்தது. கல்யாண வீடுகளில் பக்கீர்களைக் கூப்பிடுவது குறைந்தது. சஹருக்கு எழுப்பச் செல்போன் இருக்கிறது. அவருடைய தப்ஸ் பரணில் கிடக்கிறது, தோல் தளர்ந்து. மகன், அதாவது என் நண்பன், ஒரு வரிகூடக் கற்கவில்லை. "இவனுக்குக் கணக்குத்தான் வந்துச்சு" என்றார். மார்க்கம் பற்றிய அந்த விவாதத்தில் நான் வெளியாள், தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு பாட்டு வகை இல்லாமல் போகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு பாட்டை மறைத்தால் அது நேர்மையாகாது. 1992, 'செம்பருத்தி'. ஆர்.கே.செல்வமணி படம், இளையராஜா இசை. மனோவோடு ஹனிபா பாடுவது, கடலில் தனியாகப் போகிறவனின் பாட்டு. அறுபத்தாறு வயசுக் குரல். உச்சியில் கொஞ்சம் கரகரப்பு வந்துவிட்டது, நிறுத்திப் பிடிக்கிற எழுத்து லேசாக நடுங்குகிறது. இளையராஜா அந்த நடுக்கத்தை வைத்துக்கொண்டார். முன்னால் கூட்டம் இல்லை. தண்ணீர்தான். நல்லிணக்கம் பேச எதிரில் ஆளே கிடையாது. கூட்டத்தைக் கூப்பிட்டே பழகிய அந்தக் குரல், பதில் வராத இடத்தில் கூப்பிடும்போது என்ன ஆகிறதோ அதுதான் அந்தப் பாட்டு. ஹனிபாவின் சினிமா பாட்டுகளில் முத்திரையாகாமல் தப்பித்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். படம் ஓடியது, பாட்டும் பிரபலம்தான், ஆனால் ஹனிபா பற்றி எழுதுகிறவர்கள் 'பாவமன்னிப்பு'வில் நின்றுவிடுகிறார்கள்.

அன்றைக்கு அதை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன், என் போனில். அவர் சினிமா பாட்டு கேட்பவர் இல்லை. மனோ பாடுகிறவரை சும்மா இருந்தார். ஹனிபா குரல் வந்ததும் வலது கை தானாகத் தொடையில் விழுந்தது, பெருவிரல் ஒரு தட்டு, மற்ற நாலு விரலும் சேர்ந்து ஒரு தட்டு. பாட்டின் தாளம் அது இல்லை, அதைவிட மெதுவானது. ஓர் இடம் வந்ததும் கையை நிறுத்தி, "தம்பி, அத இன்னொரு தடவ போடுங்க" என்றார். பின்னால் இழுத்துப் போட்டேன். முடிந்ததும், "அதேதான், இன்னொரு தடவ." மூன்றாவது தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். நண்பன் அடுப்படி வாசலில் டீயோடு நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல். நாலாவது தடவைக்கு மாமாவே போனை என் கையிலிருந்து வாங்கி, ஒற்றை விரலால் அந்தக் கோட்டைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அது ரொம்பப் பின்னால் போய் மறுபடி மனோவிடம் நின்றது. "பரவால்ல, வரட்டும்" என்று சொல்லிக் காத்திருந்தார்.